கழுவி வந்த கெரியர்

மீராமுகைதீனும் சித்தி லைலாவும் ஒன்பது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பது மருதமுனையில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய்க்கே எட்டாமல் ஒரு சங்கதியை ஒன்பது வருடம் ஒளித்து வைத்த கெட்டிக்காரர்கள் இந்தப் புருசனும் பெண்சாதியும். கல்யாண வீடோ மையித்து வீடோ, ஒரே ஆட்டோவில் போவார்கள், ஒரே ஆட்டோவில் வருவார்கள். மகள் அம்ஹா டோஹாவிலிருந்து வீடியோவில் வந்தால் ஒரே போனுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார்கள். போனை வைத்ததும் அவர் முன்னறைக்குப் போவார், அவள் குசினிக்குப் போவாள்.

முழு ஊமை என்றும் சொல்ல முடியாது. அவசியமானதை அவர் சுவருக்குச் சொல்வார். மருந்துக் குளிசை முடிந்துவிட்டது என்பார், கரண்ட் பில் வந்திருக்கிறது என்பார். சுவரும் பதில் சொல்லாது, அவளும் சொல்லமாட்டாள். மறுநாள் குளிசை மேசையில் இருக்கும்.

மகளின் கல்யாணத்தில் தொடங்கிய சண்டை அது. மீராமுகைதீனின் தங்கச்சி ஸம்ஸியாவின் மகனுக்குத்தான் அம்ஹா என்று, பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மாமி மகன், உரிமை மாப்பிள்ளை. பேச்சு முற்றி வந்த நேரத்தில் அம்ஹா உம்மாவின் மடியில் விழுந்து, அவனைக் கல்யாணம் முடிக்கமாட்டேன் என்று அழுதாள். வாப்பாவிடம் அதைச் சொல்லும் தைரியம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. லைலா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். உங்கட தங்கச்சி வீட்டுச் சம்பந்தம் எனக்கு வேண்டாம், நான் வேறு இடம் பார்த்துவிட்டேன் என்று புருசனின் முகத்துக்கு நேரே சொன்னாள். வீடு அவளுடைய சீதன வீடு. அதை மகளுக்கு எழுதிக் கொடுக்கிறவளும் அவள்தான். காரியம் அவள் சொன்னபடி நடந்தது. அம்ஹா மாப்பிள்ளையோடு அவன் வேலை செய்த ஊருக்குப் போய்விட்டாள், லீவுக்கு மட்டும் வந்து போனாள். ஸம்ஸியா அன்றைக்குச் சாத்திய கதவை இன்னும் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆம்பிளைதான் பெண் வீட்டில் போய் வாழ்கிறான். கோபம் வந்தால் இரண்டு சாரனைப் பையில் போட்டுக்கொண்டு தாய் வீட்டுக்கோ சகோதரி வீட்டுக்கோ போய்விடுவான். நாலு நாளில் பெரியவர்கள் போய்ப் பேசிக் கூட்டி வருவார்கள். இது எல்லார் வீட்டிலும் நடக்கிற ஒன்று. மீராமுகைதீனுக்குப் போவதற்கு வீடு இருக்கவில்லை. தாய் மவுத்தாகிவிட்டார், தங்கச்சி கதவைச் சாத்திவிட்டாள். ஆகவே மனுசன் முன்னறைக்குப் போனார். அங்கேயிருந்து அவரைக் கூட்டி வர எந்தப் பெரியவரும் வரவில்லை. சொந்த வீட்டு முன்னறைக்கு ஒரு மனுசன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் கிழமையே, இனிப் பகல் சாப்பாடு வேலை இடத்தில்தான் என்று சுவருக்குச் சொன்னார். சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு மீன் வாடிக்கு அவர் காவல். படகு, எஞ்சின், வலை எல்லாம் பகலில் அவர் பொறுப்பு. சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் காலைத் தேத்தண்ணியை முடித்துக்கொள்வார். இரவைக்கு வரும் வழியில் எங்கேயாவது ரொட்டி. லைலாவின் அடுப்பிலிருந்து அவருக்குப் போவது மூன்று தட்டுக் கெரியரில் ஒரு நேரச் சோறு மட்டும்தான். காலை எட்டு மணிக்கு அவள் மேசையில் வைப்பாள், அவர் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போவார். பொழுது பட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அதே மேசையில் கெரியர் இருக்கும், ஒரு பருக்கை இல்லாமல் கழுவித் துடைத்து.

அந்தக் கழுவின கெரியரை வைத்துக்கொண்டுதான் சித்தி லைலா ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தினாள். பேசாவிட்டால் என்ன, தின்கிறார்தானே என்பது அவள் கணக்கு. வெறுத்துப்போன மனுசன் ஒருத்தியின் கைச்சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்பானா? மூன்று தட்டையும் கழற்றிப் பார்த்து, இன்றைக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறது போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவள் இதைச் சொல்லிச் சந்தோசப்பட்டதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பிடித்தது. அதற்குப் பிறகு அவள் சமையலையே மாற்றினாள். வெள்ளைச் சோறு போய், நற்பிட்டிமுனையில் சாச்சியின் மகன் விதைக்கும் சிவப்பு நெல்லுக் குத்தரிசி வந்தது. தேங்காய்ப்பால் குறைந்தது. நாளுக்கொரு கீரை, தோலோடு பயறு, பாகற்காய், குரக்கன் பிட்டு என்று கெரியரே ஒரு மருந்துப் பெட்டியாக மாறியது. அவளுக்கு ஒரு நோயும் இல்லை. இருந்தாலும் அதையேதான் அவளும் தின்றாள். லுஹர் தொழுதுவிட்டு அவர் கெரியரைத் திறக்கிற நேரத்தை மணிக்கூட்டில் பார்த்து, அவளும் குசினியில் தன் சோற்றுக் கோப்பையோடு உட்காருவாள். நாலு மைல் தள்ளி இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி அவளுக்கு இருக்கும்.

ஆனால் சீனி இறங்கவில்லை. போன வருடக் கடைசியில் அவருடைய வலது காற்பெருவிரலில் ஒரு புண் வந்தது, காயாமல் நின்றது. கிளினிக்கில் டொக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அதற்குள் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல ஏலாது என்றார். பிறகு லைலாவின் பக்கம் திரும்பி, வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சனி முதல் வெள்ளி வரைக்கும் ஒப்புவித்தாள். டொக்டர் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவர் முகத்தில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. மீராமுகைதீன் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. மூன்று வருடம் மூச்சுப் பிடித்துச் சமைத்ததற்குக் கள்ளி என்ற பெயர்தான் கிடைத்தது.

அந்த டொக்டர்தான் அவர்களை ஓர் ஆராய்ச்சிக்கு அனுப்பினார். ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள், கரையோர ஊர்களில் சீனி வருத்தக்காரர்களின் குடலில் என்னென்ன பற்றீரியா வாழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருசன் பெண்சாதி சோடியாகத் தேவையாம். வீட்டுக்கு வந்தவள் றினோஸா என்ற பிள்ளை, இதே ஊர்க்காரி, படித்து முடித்துவிட்டு அந்த ஆராய்ச்சியில் வேலை செய்தாள். இரண்டு சின்னப் போத்தலை மேசையில் வைத்து, வெளிக்குப் போனதில் ஒரு கரண்டி எடுத்து இதில் போடவேண்டும் என்று கூச்சமில்லாமல் சொன்னாள். லைலாவுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மீராமுகைதீன் டொக்டர் சொன்னாரே என்பதற்காகத் தன் போத்தலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

மறுநாள் லைலா இரண்டு போத்தலையும் ஏழு பையில் சுற்றி, பிரிட்ஜின் அடித்தட்டில் வைத்து, பிஸ்மி சொல்லி மூடினாள். பிறகு அந்தப் பிரிட்ஜிலிருந்து ஒரு பச்சை மிளகாய் எடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. பின்னேரம் வந்த றினோஸா, போத்தலுக்குள்ளேயே மருந்துத் தண்ணீர் இருக்கிறது, பிரிட்ஜே தேவையில்லை மாமி என்று சிரித்தாள். லைலா அன்றைக்குப் பிரிட்ஜை மூன்று தரம் கழுவினாள்.

போத்தலை வாங்கிக்கொண்டு போகுமுன் அந்தப் பிள்ளை சொன்ன விளக்கம் லைலாவுக்குப் பிடித்திருந்தது. நம்முடைய குடலுக்குள் கோடிக்கணக்கில் பற்றீரியா குடியிருக்கின்றனவாம். அரிசித் தவிடு, கீரைத்தண்டு, பயற்றுத் தோல் என்று நம்மால் செரிக்க முடியாததெல்லாம் அவற்றுக்குச் சோறாம். அதைத் தின்று அவை விடுகிற சத்துக் குடலுக்கு நல்லது, சீனியைக் கட்டுக்குள் வைக்கவும் உதவும் என்று நினைக்கிறார்களாம். நாம் மைதாவும் சீனியுமாகத் தின்றால் நல்லதுகள் பட்டினியில் குறைந்துபோகும், மற்றவை பெருகும். குடலும் மூளையும் நரம்பு வழியாகவும் இரத்தம் வழியாகவும் ஓயாமல் கதைத்துக்கொள்ளும், ஆகவே ஆளின் குணத்திலும் கோபத்திலும்கூட இதற்குப் பங்கு இருக்கலாம், ஆனால் அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றாள். லைலாவின் மனம் அந்த இடத்தில் கொஞ்சம் லேசானது. ஒன்பது வருட மௌனத்துக்குப் பழிபோட ஒரு கிருமியாவது கிடைத்ததே என்று நினைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து றினோஸா ரிப்போட்டோடு வந்தாள். மீராமுகைதீன் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை ஒரு தாளில் நிறம் நிறமாக இரண்டு கம்பங்களைக் காட்டினாள். லைலாவின் கம்பத்தில், நார் தின்னும் நல்ல பற்றீரியா நிறைய என்றாள். இந்த வயதில் இவ்வளவு நல்ல குடலைத் தான் இந்த ஊரில் பார்க்கவில்லையாம். மற்றக் கம்பத்தைக் காட்டும்போது அவளுடைய குரல் தயங்கியது.

"ஒரு வீட்டில ஒரு சட்டியில தின்னுறாக்கள்ற குடல் கொஞ்சமெண்டாலும் ஒத்துவரும் மாமி. புருசன் பெண்சாதி நல்ல ஒற்றுமையா இருந்தா இன்னும் ஒத்துவரும் எண்டு வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க. உங்கட ரெண்டு பேர்ரயும் பாத்தா, ரெண்டு ஊர்ல இருக்கிற முன்னப்பின்னத் தெரியாத ஆக்கள் மாதிரி இருக்கு. மாமா நீங்க சமைக்கிறதத்தானா சாப்பிடுறார்?"

"ஓம் மகள். பகலைக்கு என்ட சோறுதான். காலையிலயும் இரவைக்கும்தான் கடை."

"ஒரு நேரமெண்டாலும் இந்தச் சாப்பாட்ட மூணு வருசம் திண்டிருந்தா இதுல காட்டணும் மாமி. இது முழுக்க பராட்டாவும் சீனித் தேத்தண்ணியும்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிள்ளை போய்விட்டாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஊர் ஒன்பது வருடமாகக் கண்டுபிடிக்காததை, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற ஒன்று காட்டிக் கொடுத்துவிட்டது. லைலா தாளைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணந்தும் அவள் எழும்பவில்லை. அவர் தின்னவில்லையென்றால் அந்தச் சோறு எங்கே போனது? யார் அந்தக் கெரியரைக் கழுவினது?

மறுநாள் வழமை போலவே கட்டிக் கொடுத்தாள். பதினொன்றரைக்கு அபாயாவைப் போட்டுக்கொண்டு, குளிசைப் பெட்டி ஒன்றைக் கைப்பையில் சாட்டுக்கு வைத்துக்கொண்டு, ஆட்டோவில் சாய்ந்தமருதுக்குப் போனாள். வாடியில் போய் இறங்கும்போது லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மீராமுகைதீனின் சைக்கிளைக் காணவில்லை. எஞ்சின் திருத்துகிற கொட்டிலில், எண்ணெய்ப் பீப்பாவில் உட்கார்ந்து ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. அவனுக்கு முன்னால் மூன்று தட்டும் திறந்திருந்தன. முருங்கையிலைச் சுண்டலை அவன் வழித்து வழித்துத் தின்றான். அவ்வளவு ஆசையாகத் தன் சோற்றை ஒருவர் தின்பதை அவள் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

அவளைக் கண்டதும் அவன் எழும்பினான். அவள் ஆர் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் பார்வை கெரியரிலேயே நின்றதில் அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான் பிரசாந், பாண்டிருப்பு" என்றான். மீராமுகைதீனை அவன் காக்கா, அண்ணன் என்றுதான் சொல்வான். "காக்கா களவாக் குடுக்கிறார் எண்டு நினைச்சிராதீங்க அம்மா. தனக்கு இந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்றல்ல, வீட்டில சொன்னா மனம் நோகும், நீ தின் எண்டவர். நாலு வருசமா நான்தான் திண்டு கழுவி வைக்கிறன். வெள்ளிக்கிழமைல மட்டும் மீன ஒதுக்கிப்போடுவன், அதுக்கு நீங்க என்னை மன்னிக்கணும்."

நாலு வருடம் இவன். அதற்கு முந்தின ஐந்து வருடம் யார் தின்றது என்று அவள் கேட்கவில்லை. கடற்கரையில் நாய் நிறையப் படுத்திருந்தது.

"ஒத்துக்கொள்றல்ல எண்டது மட்டுந்தானா?" என்று கேட்டாள்.

அவன் கையைக் கழுவிக்கொண்டான். வற்புறுத்திக் கேட்டபிறகு சொன்னான். ஒருநாள் தான் விடாமல் கேட்டபோது காக்கா சொன்னாராம், அவவின் கையால் இனி ஒரு பிடி தின்பதில்லை என்று அல்லாஹ்வில் ஆணையிட்டுவிட்டேன், அதைப் பற்றிக் கேட்காதே என்று. தொழுதுவிட்டு நேரே ஹப்ஸாவின் கடைக்குப் போய் இரண்டு பராட்டாவைத் தின்று, பால் இல்லாமல் சீனி போட்ட பிளேன்டியும் குடித்துவிட்டு வருவாராம். பிறகு பிரசாந், "மூணு வருசத்துக்கு முந்தி நோன்புப் பெருநாள் முடிஞ்ச கிழமை, நாலஞ்சு நாள் கறியில உப்பே இல்ல. அம்மாவுக்குச் சுகமில்லையோ எண்டு காக்காட்டக் கேட்டன். தெரியாது எண்டவர்" என்றான்.

அந்தக் கிழமைதான் அம்ஹா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டோஹாவுக்கு ஒரேயடியாகப் போனாள். லைலா முக்காட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய துக்கத்தைத் தன் கையில் பிடித்துப் பார்த்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். அவன் ஆர் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் வந்ததைக் காக்காவுக்குச் சொல்லக் கூடாது என்று அவனிடம் கேட்டுக்கொண்டு, அவர் வருமுன் ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோ கல்முனைச் சந்தியைத் தாண்டும்போது அழுகை நின்று கோபம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த மனுசன் சோற்றையே அல்லவா மறைத்திருக்கிறார். ஆணையை முறிக்க மார்க்கத்தில் வழி இருக்கிறது. பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் தீர்ந்தது. மதரசாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஐந்து நேரமும் முதல் வரிசையில் நிற்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒன்பது வருடம் அந்த ஆணையை அவர் பத்திரமாக வைத்திருந்தார் என்பதுதான் அவளைக் கொன்றது.

அன்றிரவு கேள்வி கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் கெரியரை மேசையில் வைத்துவிட்டுக் காலை நொண்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார். விரலில் சுற்றியிருந்த துணியில் ஈரம் தெரிந்தது. டொக்டர் சொன்ன மூன்று மாதத்தில் பாதி முடிந்திருந்தது. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் கெரியரும் நிற்கும், கால் தப்பாது. லைலா வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம், அவர் வாடியிலிருந்து வெளிக்கிடுகிற நேரம் பார்த்து, வேறு வழியால் ஹப்ஸாவின் கடைக்குப் போனாள். தகரக் கூரை போட்ட சின்னக் கடை. ஹப்ஸா நாற்பது வயதுக்காரி, மாவு குழைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒருவருக்கு என்று தனியாகச் சமைக்க ஏலாது கா, ஆனால் நீங்கள் சொல்லித் தந்தால் எல்லாருக்குமே பகலைக்கு அந்தச் சோறு போடுவேன், கடற்கரையில் பாதிப்பேருக்குச் சீனிதான் என்றாள்.

சமைத்துக் கொண்டுவந்து தரட்டுமா என்று லைலா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது அவளுடைய கையாகிவிடும். புருசனின் ஆணையைக் கள்ளத்தனமாக முறிப்பித்த பாவம் தனக்கு வேண்டாம், அவருக்கும் வேண்டாம் என்று நினைத்தாள். அரைத்த தூளைக்கூட அனுப்பவில்லை. சுபஹுக்குப் பிறகு ஹப்ஸா போன் எடுப்பாள். லைலா கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் எவ்வளவு, தீ எவ்வளவு, மீன் ஆணத்தின் புளிப்புக்குக் கொறுக்காப்புளி எத்தனை துண்டு, கீரையை எப்போது இறக்குவது என்று படிப்படியாகச் சொல்வாள். நற்பிட்டிமுனைக் குத்தரிசி நேரே கடைக்குப் போக ஏற்பாடு செய்தாள். பராட்டா நின்றது. சீனி விலை ஏறிவிட்டது என்று சாட்டுச் சொல்லி, ஹப்ஸா பிளேன்டியில் கிழமைக்கு அரைக் கரண்டி குறைத்தாள்.

முதல் நாள் மனுசன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாராம். பிறகு தின்றுவிட்டு எழும்பிப் போனாராம். இதை ஹப்ஸா சொன்னபோது லைலா திருப்பித் திருப்பிக் கேட்டாள், மிச்சம் வைத்தாரா, முகம் எப்படி இருந்தது என்று. மிச்சம் இல்லை, முகத்தைப் பார்க்க நேரமிருக்கவில்லை என்றாள் ஹப்ஸா.

கெரியரை நிறுத்த முடியாது, நிறுத்தினால் அவருக்கு விளங்கிவிடும். ஆகவே எட்டு மணிக்கு அதுவும் போனது. இப்போது அது பிரசாந்துக்கு என்று தெரிந்து கட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் மீனை விட்டுவிட்டுப் பூசணிக்காயும் பருப்பும் வைத்தாள். பகலைக்கு மணிக்கூட்டைப் பார்த்துத் தன் கோப்பையோடு உட்காரும்போதுதான் சங்கடம். இப்போது உண்மையிலேயே அதே சோற்றை, அதே கீரையை, அதே நேரத்தில் அவரும் தின்றுகொண்டிருக்கிறார். முன்னர் அது பொய்யாக இருந்தபோது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. உண்மையான பிறகு பாதிச் சோற்றோடு எழும்பினாள். ஹப்ஸா கைமணக்காரி என்று அவர் வாடியில் யாரிடமோ சொன்னதாக ஒருநாள் கேள்விப்பட்டாள். அன்றைக்கு அவள் பாத்திரத்தைப் போட்டு உடைக்காதது பெரிய விசயம்.

டொக்டர் சொன்ன மூன்று மாதம் வந்தபோது புண்ணில் சீழ் வருவது நின்றிருந்தது, சீனி கொஞ்சம்போல இறங்கியிருந்தது. விரலில் கை வைக்கவேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார். அடுத்த இரண்டு கிளினிக்கிலும் சீனி இன்னும் இறங்கியது, புண் ஓரம் காய்ந்து வந்தது. குளிசையையும் டொக்டர் மாற்றியிருந்தார், புண்ணுக்கும் நாள் தவறாமல் மருந்து கட்டினார்கள். சோறு மட்டும் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது. றினோஸா இரண்டாம் தரம் போத்தலோடு வந்து போனாள். ரிப்போட்டில் மாமாவின் கம்பத்தில் நல்ல நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருப்பதைக் காட்டி, அந்தப் பிள்ளை தன் பரீட்சை பாசானது போலச் சந்தோசப்பட்டாள். இப்போதுதான் ஒரு வீட்டு ஆட்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். லைலா, ஓம் மகள் என்றாள். வேறு என்ன சொல்வது?

அதற்கு அடுத்த வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, மீராமுகைதீன் வந்து கெரியரை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு முன்னறைக்குப் போகாமல் நின்றார். லைலா குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நாளையிலிருந்து கெரியர் தேவல்ல. பகலைக்கு ஹப்ஸாட கடையிலயே சாப்பிடுறன்."

கால் தப்பவேண்டும் என்று துஆக் கேட்டாள், கால் தப்பிவிட்டது. கெரியரையும் மிச்சம் வைக்கும்படி அவள் கேட்டிருக்கவில்லை. இனி எட்டு மணிக்கு மேசையில் வைக்க ஒன்றுமில்லை, மஃரிபுக்குப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஒன்றுமில்லை. பொய்யென்று தெரிந்த பிறகும் அந்தக் கழுவின தட்டுகளுக்காக அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். அது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அவரை நேரே பார்த்துக் கேட்டாள்.

"அப்ப பிரசாந் பகலைக்கு என்ன செய்வான்?"

மீராமுகைதீன் அசையவில்லை. எப்போது தெரியும், யார் சொன்னது என்று கேட்பார் என்று பார்த்தாள், கேட்கவில்லை. அவருக்கு இவ்வளவு வயதாகிவிட்டது என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

"அவனுக்குக் கட்டு" என்றார். "கொண்டு போறன்."

நாலு எட்டு வைத்து முன்னறை வாசலுக்குப் போனவர், கதவில் கை வைத்தபடி, திரும்பாமல் இன்னொன்று சொன்னார்.

"மீன் ஆணத்துக்குக் கொறுக்காப்புளி கூடிப்போகுது. ஹப்ஸாக்குச் சொல்லு. நீ முந்தி இவ்வளவு போடுறல்ல."

கதவு சாத்தியது. எத்தனையோ இரவுகளாக அவள் கேட்ட அதே சத்தம்தான். அவர் வெளியே வரவில்லை, அவளும் போய்த் தட்டவில்லை. முதல் நாளே, முதல் பிடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே நாள் தவறாமல் போய்த் தின்றிருக்கிறார், தெரிந்துகொண்டே வெறுங் கெரியரையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இதற்குச் சந்தோசப்படுவதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா என்று தெரியாமல் சித்தி லைலா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழும்பி, கோப்பையில் சோற்றைப் போட்டு, தான் பகலைக்கு வைத்த மீன் ஆணத்தை ஊற்றிக் குழைத்து ஒரு பிடி தின்றாள். கொறுக்காப்புளி கூடித்தான் இருந்தது. ஒன்பது வருடமாக அதை அவளுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை.